மலாவி நாட்டுக் குழந்தைகளும் மலேரியாக் காய்ச்சலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், வட்டிக் கணக்குப் போடுவேன், அவ்வளவுதான். பத்தாவதோடு நின்றவள். உடல்நலம் பற்றி ஆளுக்கு ஒரு தலைப்பு எடுத்துக்கச் சொன்னப்போ மத்தவங்க எல்லாம் ரத்தசோகை, கர்ப்பப்பை, சர்க்கரைன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் ஆப்பிரிக்காவில் மலேரியான்னு சொன்னதும் எல்லோரும் சிரிச்சாங்க. சிரிக்கிறது நியாயம்தான். ஆனா அந்தக் காய்ச்சல் எங்க வீட்டுக்குள்ளே வந்து, என் தாலியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனதுங்க. அதனாலதான் அந்தத் தலைப்பு.

எங்க வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டி போகாத சீமை இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஆந்திரா, ராஜஸ்தான் எல்லாம் போய் இப்போ கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகுது. இந்தக் கூட்டத்திலேயே அந்தப் பக்கம் ஆள் அனுப்பின வீடு பத்துக்குக் குறையாது. இவர் போனது மலாவின்னு ஒரு நாடு. கடல் கிடையாது, ஆனா கடல் மாதிரி ஒரு ஏரி இருக்குது. மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டிச் சாப்பிடறவங்க, அதுக்கு 'நிசிமா'ன்னு பேர். நம்ம ராகிக் களி மாதிரியேதான்னு இவர் சொல்வார். கார்த்திகையில் தொடங்கி சித்திரை வரைக்கும் அங்கே மழைக்காலம்.

மூணு வருஷத்துக்கு முன்னால மாரியம்மன் நோம்பிக்கு லீவு போட்டு வந்தார். வந்த ஒன்பதாம் நாள் காய்ச்சல். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வைரல் ஃபீவர்னு ஊசி போட்டாங்க. மூணு நாள் அதே ஊசி. எங்கே இருந்து வந்தார்னு அங்கே யாரும் கேட்கலை. நானும் சொல்லலை. அதுதான் இன்னைக்கும் என் மனசை அறுக்குது. அவங்க கேட்காதது ஒரு தப்புன்னா நான் சொல்லாதது ஒண்ணரைத் தப்பு. நாலாம் நாள் கண்ணு மஞ்சளாச்சு, ஒண்ணுக்குக் காப்பித் தண்ணி மாதிரிப் போச்சு. என்னைப் பார்த்து "யாரு அம்மிணி நீ?"ன்னு கேட்டார். அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கே ரத்தம் எடுக்க வந்த பையன்தான் "வெளியூர் எங்காவது போயிட்டு வந்தாரா?"ன்னு கேட்டான். மலாவின்னு சொன்ன அடுத்த நிமிஷம் எல்லாமே மாறிப்போச்சு. ஃபால்சிபாரம்னு ஒரு வகை மலேரியா. எட்டு நாள் கழிச்சு எழுந்து உட்கார்ந்தார். நம்ம குழுவில் வாங்கின அவசரக் கடன் 30,000 ரூபாய் அதுக்குத்தான். கட்டி முடிச்சாச்சு.

இதை எல்லோரும் மனசில் வெச்சுக்கங்க. வெளிநாட்டில் இருந்து வந்த ஆளுக்கு, வந்து பத்து நாள் ஆனாலும் சரி, ரெண்டு மாசம் ஆனாலும் சரி, காய்ச்சல்னா டாக்டரிடம் முதலில் அந்த நாட்டுப் பேரைச் சொல்லுங்க. மலேரியா ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்க்கறாங்க.

படுக்கையில் இருந்து எழுந்ததும் அவர் ஒண்ணு சொன்னார். "எங்கூட வேலை செய்யற ஹெல்பர் பசங்க அந்த ஊர்க்காரங்க. அதே கேம்ப், அதே கொசு. அவங்களுக்கும் காய்ச்சல் வருது. ஒரு நாள் தலைவலின்னு படுக்கறாங்க, மாத்திரை போட்டுட்டு மறுநாள் ரிக்குல ஏறிடறாங்க. எனக்கு மட்டும் ஏன் உயிர் போற அளவுக்கு?" எங்க மாமியார் உடனே, "அவங்க உடம்பு வாகு அப்படி, கெட்டி உடம்பு"ன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பல பேர் அப்படித்தான் நினைக்கறாங்க.

அது எனக்குத் தூக்கம் வராத கேள்வியாகிப் போச்சு. நம்ம கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் கேட்டேன், சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் கேட்டேன், என் அண்ணன் மகன் போனில் தேடிப் படிச்சுக் காட்டினான். ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். கடைசியில் கிடைச்ச பதில் இதுதான். அந்த ஹெல்பர் பசங்களுக்கு அந்தக் கெட்டி உடம்பு பிறக்கும்போதே வந்ததில்லை. சின்ன வயசில் வருஷத்துக்குப் பல தடவை காய்ச்சல் வந்து வந்து, சாகாமல் தப்பிச்சு, உடம்பு பழகினது. அவங்ககூடப் பிறந்து தப்பிக்காத பிள்ளைகள் ரிக் வண்டிக்கு வேலைக்கு வரலை, அவ்வளவுதான் வித்தியாசம். இவரோ முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக அந்தக் கிருமியைப் பார்த்தார். அந்தக் கிருமிக்கு இவர் உடம்பு ஒரு வயசுக் குழந்தை மாதிரி.

கிருமி வேலை செய்யற விதத்தைச் சொல்லிடறேன். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், குடத்திலும் டயரிலும் முட்டையிடும். அங்கே இருக்கிற மலேரியாக் கொசு வேற சாதி, அனாபிலிஸ். ராத்திரிதான் கடிக்கும், அதுவும் வீட்டுக்குள்ளே தூங்கறப்போ. முட்டையிடறதுக்குக் குளம் குட்டை வேண்டாம், வெயில் படற சின்னப் பள்ளத் தண்ணி போதும். மாட்டுக் குளம்பு பதிஞ்ச இடம், வண்டித் தடம், செங்கல்லுக்கு மண் எடுத்த குழி எல்லாம் அதுக்கு வீடு. அந்தக் கொசு கடிச்சா கிருமி ஈரலுக்குள்ளே போய் ஒரு வாரம் போலப் பெருகும். அப்புறம் ரத்தத்தில் இறங்கி, ரெண்டு நாளைக்கு ஒருமுறை சிவப்பணுக்களை உடைச்சு உடைச்சு வெளியே வரும். நம்ம பாட்டிமார் முறைக்காய்ச்சல்னு பேர் வெச்சது சும்மா இல்லை. கொசு வழியாகத்தான் பரவுதுங்கறதுக்குத் தடம் கண்டுபிடிச்சதுகூட நம்ம நாட்டில்தான். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ்னு ஒரு டாக்டர், கொசு வயித்தில் அந்தக் கிருமியைப் பார்த்தார்.

இனி குழந்தைகள் விஷயம். நான் முதலில், மலேரியான்னா எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வரும்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லைங்க. வயசுக்கு வயசு முகம் மாத்திக்கிட்டு வருது.

பிறந்த குழந்தைக்கு முதல் சில மாசம் தாய் ரத்தத்தில் இருந்து வந்த எதிர்ப்பு சக்தி காவல் நிக்குது. தாய் கொடுத்த சீதனம்னு வெச்சுக்கங்க. குழந்தையின் சிவப்பணுவிலும் பிறக்கும்போது ஒரு தனி வகைச் சத்து இருக்குது, அதில் கிருமி நல்லா வளர முடியறதில்லை. ஆறு மாசத்துக்கு அப்புறம் ரெண்டுமே கரைஞ்சு போகும். தவழ்ந்து போய் வாசல் மண்ணைத் தின்னும் பாருங்க, அந்த வயசில் காவல் போயிடுது.

அடுத்த ரெண்டு மூணு வயசு வரைக்கும் ரத்தசோகைதான் எமன். ஒரு காய்ச்சல் வந்து சிவப்பணுவை அழிச்சு, அது தேறி வர்றதுக்குள்ளே இன்னொரு காய்ச்சல். உதடும் உள்ளங்கையும் வெளுத்துப்போய், மூச்சு வாங்கிட்டு வரும் குழந்தை. உடனே ரத்தம் ஏத்தணும். ரத்தம் இருக்கிற ஆஸ்பத்திரி எத்தனை மைலோ.

அதுக்குக் கொஞ்சம் மேலே, ரெண்டு வயசில் இருந்து அஞ்சு வயசு வரைக்கும், மூளைக் காய்ச்சலாக வரும். காலையில் உடம்பு சுடும், மத்தியானம் வலிப்பு, சாயந்தரம் நினைவு இருக்காது. நம்ம ஊரில் ஜன்னி கண்டுடுச்சும்பாங்களே, அந்த மாதிரி. மலாவியில் பிளாண்டைர்னு ஒரு பெரிய ஊர். அங்கே இருக்கிற ஆஸ்பத்திரியில் டெரி டெய்லர்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மா பல வருஷமாக இந்தக் குழந்தைகளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, செத்துப்போற குழந்தைகளுக்கு மூளை வீங்கி, மூச்சு விடச் சொல்கிற இடத்தை அது அழுத்திடுதுன்னு 2015இல் சொன்னாங்க. மத்தக் குழந்தைகள் ஒண்ணு ரெண்டு நாளில் கண்ணு முழிச்சுப் பால் குடிக்குமாம், எமன் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போன மாதிரி. ஆனா முழிச்சதில் சிலதுக்குப் பேச்சு வராது, வலிப்பு நிக்காது.

2023ஆம் வருஷத்துக் கணக்கைச் சொல்றேன். உலகம் முழுக்க மலேரியாவில் இறந்தவங்க 5 லட்சத்து 97 ஆயிரம் பேர்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கு. நூத்துக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அதில் நாலில் மூணு அஞ்சு வயசுக்குக் கீழே. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேலே வருது. கூட்டிப் பார்த்துட்டு நோட்டை மூடி வெச்சுட்டேன்.

ஒரே நாட்டிலேயே இடத்துக்கு இடம் வேற மாதிரி. ஏரிக்கரையிலும் தாழ்வான சூட்டுப் பிரதேசத்திலும் கொசு வருஷம் முழுக்க இருக்கும். அங்கே கைக்குழந்தையே அடிபடும், ஆனா தப்பிச்ச குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி சீக்கிரம் வந்துடும். மேட்டுப் பகுதியில் மலேரியா குறைச்சல். ஆனா அங்கே பெரிய பிள்ளைக்குக்கூடக் கடுமையாக வரலாம், உடம்பு பழகலையே.

கர்ப்பிணிகளைச் சொல்லாமல் விட முடியாது. பழகின உடம்புதான், இருந்தாலும் தலைச்சன் கர்ப்பத்தில் அந்தக் காவல் உடையுது. கிருமி நச்சுக்கொடியில் போய்ப் பதுங்கிக்கும். தாய்க்குக் காய்ச்சல்கூட இருக்காது, ஆனா குழந்தை எடை குறைஞ்சு பிறக்கும். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் தடுப்பு மாத்திரை கொடுக்கிறதை மலாவி 1993லேயே கொண்டு வந்துட்டது, உலகத்திலேயே முதலில். ஏழை நாடுன்னு நாம நினைக்கிற ஊர்.

இனிதான் எனக்கு ரொம்ப மனசில் பட்ட விஷயம். அஞ்சு வயசு தாண்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. காய்ச்சல் அவ்வளவாக வராது, ஓடி ஆடி விளையாடும். தாய்க்கு ஒரு கண்டம் தாண்டின நிம்மதி. ஆனா தெற்கு மலாவியில் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தப்போ, கிருமி அதிகமாக இருந்தது இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்தான். உடம்பு கிருமியோடு சமரசம் பண்ணிக்கிட்டு வாழுது. காய்ச்சல் இல்லாததால யாரும் மாத்திரை கொடுக்கறதில்லை, கிருமி மாசக்கணக்கில் தங்குது. பிள்ளை கொஞ்சம் வெளுத்திருக்கும், வகுப்பில் தூங்கி விழும், வாத்தியார் சோம்பேறின்னு திட்டுவார். அதைக் கடிக்கிற கொசு பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு அதே வீட்டில் தொட்டில் பிள்ளையைக் கடிக்கும்.

கொசுவலை யாருக்குக் கிடைக்குதுன்னு பாருங்க. கர்ப்பிணிப் பரிசோதனைக்குப் போனா ஒண்ணு, குழந்தை பிறந்தா ஒண்ணு. சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கே கொடுக்கறாங்க. தாயும் கைக்குழந்தையும் வலைக்குள்ளே. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்தது வெளியே வந்துடும். அது சமையல் அறையிலோ வாசல் அறையிலோ பாயைப் போட்டுப் படுக்கும். ஊரில் மாத்திரை கொடுக்கிற சுகாதார ஊழியர்கள் நல்லா வேலை செய்யறவங்கதான், ஆனா அவங்க பார்க்கிறதும் அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளைத்தான். தப்பு சொல்ல முடியாது. சாகிறது சின்னது, அதனால காவல் சின்னதுக்கு. ஆனா நெருப்பு பெரியதிடம் கனன்றுகிட்டே இருக்குது.

எங்க வீட்டுக்காரர் கேம்ப்பில் ஒரு அம்மா சமைக்க வருவாங்க. நாலு பெத்து மூணு இருக்குது. ரெண்டாவது பெண் குழந்தை ரெண்டு வயசில், மழைக்காலத்தில், இப்படித்தான் ஒரே நாளில் போயிடுச்சு. சுகாதார நிலையம் நடந்து போற தூரம் இல்லை, சைக்கிளுக்குக் காசு கொடுத்து ஏறணும். அவங்க பாஷையில் மலேரியாவுக்கு 'மலுங்கோ'ன்னு பேர். கை கால் மூட்டு வலிச்சாலும் அதே வார்த்தைதானாம். அவ்வளவு சாதாரண வார்த்தை. நாம சளி பிடிச்சிருக்குன்னு சொல்ற மாதிரி மலுங்கோன்னு சொல்வாங்களாம்.

அந்தம்மாவும் ஒரு சேமிப்புக் குழுவில் இருக்காங்கன்னு கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிப் போச்சு. அதுக்குப் பேரே திண்ணை பேங்க்குன்னு அர்த்தம் வருமாம். வாராவாரம் திண்ணையில் கூடிப் பணம் போட்டு, கடன் கொடுத்து வாங்கி, வருஷ முடிவில் வட்டியோடு பிரிச்சுக்குவாங்க. நாம பேங்கில் போடறோம், அவங்க பெட்டியில் போடறாங்க. பல ஊரில் பெட்டிக்கு மூணு பூட்டு, மூணு சாவி மூணு பேரிடம். போன மழைக்கு அந்தம்மா கடைசிப் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன சைக்கிள் கூலி அந்தப் பெட்டியில் இருந்து வந்ததுதான். என் 30,000 ஞாபகம் வந்துச்சுங்க.

மருந்து இல்லாமல் இல்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு அட்டையில் விடறாங்க. கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரியே ரெண்டு கோடு வந்தா மலேரியா. மூணு நாளில் ஆறு வேளை மாத்திரை. ரெண்டு வேளையில் காய்ச்சல் விட்டதும் மீதியை அடுத்த குழந்தைக்குன்னு எடுத்து வெச்சுடுவாங்களாம். சிரிக்காதீங்க, என் அஞ்சறைப் பெட்டியிலேயே பாதி மாத்திரைப் பட்டை மூணு கிடக்குது. கொசுவலையை ஏரியில் மீன் பிடிக்கப் போடறாங்கன்னும் இவர் சொன்னார். எனக்கும் முதலில் கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், பிள்ளைக்குக் குழம்புக்கு மீன் இல்லாதவள் நாளைக்கு வரப்போற காய்ச்சலையா நினைப்பாள்?

தடுப்பூசியும் வந்துடுச்சு. 2019 ஏப்ரலில் உலகத்திலேயே முதலில் மலாவிக் குழந்தைகளுக்குத்தான் போட ஆரம்பிச்சாங்க, அப்புறம் கானா, கென்யா. நாலு ஊசி. முதல் ஊசி அஞ்சு மாச வாக்கில், தாய் கொடுத்த காவல் கரையற நேரம் பார்த்து. முழுசாகத் தடுக்காது, ஆனா கடுமையான காய்ச்சலையும் சாவையும் குறைக்குது. இப்போ ரெண்டாவதா ஒரு தடுப்பூசியும் வந்திருக்கு, அதைத் தயாரிக்கிறது நம்ம புனேயில். ஆனா இதுவும் சின்னக் குழந்தைக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளை இதிலும் வெளியேதான் நிக்குது.

எங்க வீட்டுக்காரர் ஆறு மாசம் கழிச்சு மறுபடி போனார். போக வேண்டாம்னு நான் சொல்லலை. ரெண்டு பிள்ளை படிக்குது, வீட்டுக் கடன் இருக்குது. டாக்டர் எழுதிக் கொடுத்த தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் பெட்டியில் முதலில் வெச்சேன். இன்னொண்ணும் சொல்லி அனுப்பினேன். போர் போட்டு முடிச்ச இடத்தில் சேத்துக் குழி தோண்டி அப்படியே விட்டுட்டு வர்றாங்க. அதில் மழைத் தண்ணி நின்னா அதுவும் கொசுவுக்கு வீடுதானே? தண்ணி கொடுக்கப் போன ஊரில் காய்ச்சலையும் சேர்த்துக் கொடுத்துட்டு வர்றதா? இவர், "மேனேஜர் டீசல் கணக்குப் பார்ப்பார், மணி கணக்குப் பார்ப்பார், குழி மூட எங்கே நேரம்?"ன்னார். ஆனா இப்போ வண்டி கிளம்பறதுக்கு முன்னால ஹெல்பர் பசங்களோட மண்வெட்டி பிடிச்சு மூடிட்டுத்தான் ஏறறாராம். எல்லா வண்டிக்காரங்களும் மூடறாங்களான்னா, இல்லைங்க. இங்கே ரிக் முதலாளி வீட்டு அம்மாக்கள் யாராவது இருந்தா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்க.

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினார். அங்கே மழை தொடங்கிடுச்சாம். சமையல்காரம்மாவோட பெரிய பையன் ராத்திரி எங்கே படுக்கறான்னு கேட்டேன். பத்து வயசு அவனுக்கு, எங்க சின்னவன் வயசு. "இதென்னடி கேள்வி?"ன்னுட்டு, விசாரிச்சு மறுநாள் சொன்னார். வாசல் அறையில் படுக்கறானாம். வலை ஒண்ணுதான், அது தாய்க்கும் கடைசிக் குழந்தைக்கும். இவர் தன்கிட்ட உபரியாக இருந்த வலையைக் கொண்டு போய்க் கொடுத்திருக்கார். அந்தம்மா வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டு, "அவனுக்கு எதுக்கு? அவன்தான் பிழைச்சுட்டானே"ன்னு சொன்னாங்களாம்.

இவருக்குப் பாஷை அவ்வளவாக வராது. ஹெல்பர் பையன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போய், நான் இங்கே உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவங்க பாஷையில் சொல்லச் சொல்லியிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை போன் வரும்.